மூன்று முழம், ஒரு சாண், நாலு விரல்

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டுக்கும் ரயில் ரோட்டுக்கும் நடுவே ஒரு தறிக்கூடமும் நாலைந்து கருவேல மரங்களும்தான். தறிக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு எதைக் கண்டாலும் முழம் போட்டுப் பார்க்கிற புத்தி உண்டு. வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, தண்டவாளத்தின் குறுக்கே குனிந்து முழங்கையை ஊன்றி அளப்போம். இரண்டு முழம், நாலு விரல். அதுதான் மீட்டர் கேஜ். மதுரையில் ஓடிய வண்டிகள் எல்லாம் அந்த அகலத்தில்தான் ஓடின. உலகத்தில் தண்டவாளம் என்றாலே இவ்வளவுதான் என்று பதினேழு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கையை உடைத்தது 1979 மே மாதம் நான் போன பயணம். என் முதல் நீண்ட ரயில் பயணமும் முதல் வெளிநாட்டுப் பயணமும் அது ஒன்றேதான். மதுரையில் ரயில் ஏறி, நடுவில் மூன்று மணி நேரம் கப்பலில் போய், மறுபடி ரயில் ஏறி, இலங்கையின் ஹட்டனில் இறங்கினோம். நானும் அப்பத்தாவும்.

வெளிநாடு என்று சொன்னாலும் எங்களுக்கு அது தூரத்து ஊராக இருந்ததே இல்லை. செல்லூர் டீக்கடை ரேடியோவில் காலையில் கேட்பது இலங்கை வானொலி. பி.எச். அப்துல் ஹமீது, கே.எஸ். ராஜா குரல்கள் எங்கள் தெருவில் யாருடைய மாமன் குரலைப் போலவும் பழக்கமானவை. திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடிப் பக்கம் எந்த ஊரில் விசாரித்தாலும், "எங்க பெரியப்பா கண்டியில இருந்தாரு" என்று சொல்ல ஒரு வீடாவது இருக்கும். வைகை பொய்த்த வருஷங்களில் கங்காணி வந்து ஆள் கூட்டிப்போன ஊர்கள் இவை.

அப்பத்தாவின் தம்பியும் அப்படிப் போனவர்தான். திருப்புவனத்துக்குப் பக்கத்துக் கிராமம். பத்து வயதில் மாமனோடு போனவர் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். எங்களுக்கு அவர் 'ஹட்டன் தாத்தா'. அவருடைய கல்யாணத்துக்கு, சுதந்திரத்துக்கு முன்னால், அப்பத்தா ஒரு தடவை போய் வந்திருக்கிறார். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. அந்தக் காலத்தில் ரயிலுக்கும் கப்பலுக்கும் மறுகரை ரயிலுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். தனுஷ்கோடி துறையில் ரயிலை விட்டு இறங்கினால் எதிரே கப்பல். 'இர்வின்' என்றும் 'கோஷன்' என்றும் வெள்ளைக்காரத் துரைமார் பேர் வைத்த கப்பல்கள். "மண்டபம் கேம்ப்புல நிறுத்தி ஒடம்பப் பாத்தாக, அம்புட்டுதான். அக்கரையில எறங்குனா அங்கிட்டு ஒரு வண்டி நின்னுச்சு" என்பார் அப்பத்தா. சிலைமானில் ஏறி மானாமதுரையில் இறங்குவதைச் சொல்வது மாதிரியே சொல்வார்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலத்தோடு திறந்த வழி அது. ஐம்பது வருஷம் ஓடியது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து போன 653ஆம் எண் பாசஞ்சர் வண்டியைக் கடல், அதில் இருந்த அத்தனை பேரோடும் கொண்டு போனது. சிதைந்த பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடித் தண்டவாளத்தை மட்டும் யாரும் மறுபடி போடவில்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு இடம் மாறியது. நாங்கள் போனபோது ஓடிய கப்பலின் பேர் 'ராமானுஜம்'.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே ஏற்பாடு தொடங்கியது. அப்பத்தாவின் முதல் பயணத்துக்கும் இதற்கும் இடையில் இரண்டு நாடுகளும் இரண்டு சட்டங்களும் வந்துவிட்டன. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் மெட்ராஸுக்குப் போனது. அப்பத்தா வாழ்க்கையில் எடுத்துக்கொண்ட ஒரே போட்டோ அதற்காக எடுத்ததுதான். தம்பி வீட்டுக்குச் சுங்குடிச் சேலை நாலு, எங்கள் தறியில் அறுத்த துண்டு ஆறு, ராமநாதபுரம் குண்டு மிளகாய் ஒரு பை. இவை போக அப்பத்தா ஒரு காரியம் செய்தார். மானாமதுரை மண் கூஜா ஒன்றில் தன் பிறந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, வாயில் மூடியைச் செருகி, ஈரத்துணி சுற்றி எடுத்துக்கொண்டார். அது குடிப்பதற்கு இல்லை என்று எனக்கு முதலிலேயே சொல்லிவிட்டார்.

காலை வண்டி. மங்கம்மாள் சத்திரத்து வாசலில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குள் போனோம். ஜன்னலோர இடம் அப்பத்தாவுக்கு, அவர் மடியில் கூஜா. வண்டி வைகையோரமாகவே போனது. சிலைமான் தாண்டித் தென்னந்தோப்புகள். அந்தத் தோப்புகளுக்கு அடியில் ஒரு பழைய நகரம் தூங்கியது அப்போது யாருக்கும் தெரியாது. இன்று கீழடி என்றால் உலகம் திரும்பிப் பார்க்கிறது. அப்பத்தாவுக்கு அது தான் மாடு மேய்த்த இடம், அவ்வளவுதான். பரமக்குடி தாண்டியதும் பச்சை குறைந்து வெள்ளை வெயில். ராமநாதபுரம், உச்சிப்புளி. பனைமரங்களுக்கு நடுவே காற்றில் உப்பு ஏறியது.

மண்டபம் வந்ததும் அப்பத்தா வெளியே கையைக் காட்டினார். "இங்கதான் எங்கள வரிசையா நிக்க வச்சாக." போகிறவர்களை நிறுத்திச் சோதித்த அந்த மண்டபம் கேம்ப், நாங்கள் போன வருஷத்தில் திரும்பி வருகிறவர்களால் நிறைந்திருந்தது. அடுத்த சில வருஷங்களில் அது தப்பி வருகிறவர்களுக்கு இடமாகும் என்பது அப்போது தெரியாது. ஒரே வேலி, ஒரே வேப்பமரங்கள். கூலி என்றும் தாயகம் திரும்பியோர் என்றும் அகதி என்றும் பேர் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

பாம்பன் பாலத்தில் வண்டி நடை போட்டது. அப்போது சாலைப் பாலம் கிடையாது. அது 1988இல்தான் வந்தது. ராமேஸ்வரம் தீவுக்குப் போகத் தரைவழி என்றால் ரயில் ஒன்றுதான். இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் இல்லை, கீழே குனிந்தால் நேராகக் கடல். நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டு கை போலத் திறக்கும் ஷெர்சர் தூக்கு. அதை ஆட்கள் கம்பியைச் சுற்றித்தான் தூக்கினார்கள். பெட்டியில் யாரும் பேசவில்லை. அப்பத்தா கூஜாவை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ராமேஸ்வரம் துறையில் சுங்கச் சோதனை. மேஜைமேல் மூட்டையைப் பிரித்தார்கள். சேலையை எண்ணினார்கள், மிளகாயை முகர்ந்தார்கள். கூஜாவின் மூடியைத் திறந்த அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்து, "என்னம்மா இது?" என்றார்.

"தண்ணிய்யா. எந் தம்பிக்கு."

"அங்க தண்ணி இல்லையா?"

"இருக்கு. இது எங்க கெணத்துத் தண்ணி."

அவர் மூடியைத் தானே அழுத்தி மூடி, ஈரத்துணியைச் சரியாகச் சுற்றிக் கொடுத்தார். தலைமன்னாரிலும் அதே கேள்வி, அதே பதில். அங்கேயும் விட்டுவிட்டார்கள்.

தலைமன்னார் துறைக்குப் பக்கத்திலேயே ரயில் நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு முட்டியது. பெட்டி அவ்வளவு அகலம். வண்டி கிளம்ப நேரம் இருந்தது. மேடை முடிகிற இடத்தில் குனிந்து செல்லூர்ப் பழக்கத்தில் கையை ஊன்றினேன். மூன்று முழம், ஒரு சாண், நாலு விரல். ஐந்தடி ஆறங்குலம். இலங்கையில் பெரும்பாலும் அகலப் பாதைதான் என்று பெட்டியில் இருந்த ஒருவர் சொன்னார். அவர் அதை ரயில் என்று சொல்லவில்லை, 'கோச்சி' என்றார். நம் வண்டியை அப்படியே கப்பலில் ஏற்றி அக்கரையில் விட்டாலும் இந்தத் தண்டவாளத்தில் நிற்காது என்பது எனக்கு அன்று பெரிய வருத்தமாக இருந்தது. இரண்டு தேசத்துக்கும் நடுவே இருக்கிற தடை கடல் இல்லை, இந்த அகல வித்தியாசம்தான் என்றே நினைத்துக்கொண்டேன்.

இரவெல்லாம் ஓடியது. மதவாச்சி, அனுராதபுரம், மாகோ. நிலையங்களில் மூன்று எழுத்தில் பெயர்ப்பலகை. தமிழைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டு வந்தேன். பொல்காவலையில் இறங்கி மலைநாட்டு வண்டி மாறினோம். றம்புக்கனை தாண்டியதும் வண்டி ஏறத் தொடங்கியது. மதுரைப் பொட்டலில் வளர்ந்த கண்ணுக்கு அவ்வளவு பச்சை தாங்கவில்லை. நாவலப்பிட்டிக்கு மேல் குளிர். அப்பத்தா எங்கள் தறித் துண்டு இரண்டை எடுத்துக் கூஜாவுக்குத்தான் முதலில் சுற்றினார்.

ஹட்டன் ஸ்டேஷனில் தாத்தா நின்றார். கம்பளிக் கோட்டு, காலில் செருப்பு இல்லை. அக்காளும் தம்பியும் முப்பது வருஷத்துக்கு மேல் கழித்துப் பார்த்துக்கொள்கிறார்கள். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. "வந்துட்டியாக்கா" என்றார் அவர். "எளச்சுப் போயிட்டியேடா" என்றார் அப்பத்தா. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போய்ச் சேர்ந்து, எல்லாரும் உட்கார்ந்த பிறகு, கூஜாவைத் திறந்து ஒரு வெண்கலச் செம்பில் ஊற்றிக் கொடுத்தார். தாத்தா அண்ணாந்து குடிக்கவில்லை. செம்பில் வாய் வைத்துச் சின்னச் சின்னதாகக் குடித்தார். பாதி குடித்ததும் நிறுத்தி, மீதியைத் தன் மகனுக்கும் பேரனுக்கும் ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தார். "உவர்ப்பு அப்பிடியே இருக்கு" என்றார். அப்போதுதான் அப்பத்தா அழுதார்.

மூன்று வாரம் இருந்தோம். பேரனுக்கு என் வயதுதான், முறைக்கு மச்சான். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடிப்பதையும், பெண்கள் கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போவதையும் அவன்தான் காட்டினான். தாத்தா இந்தியாவுக்குப் போவதாக எழுதிக் கொடுத்திருந்தார். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் செய்த ஒப்பந்தத்தின்படி அது. ஒன்பது லட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேரைக் கணக்குப் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவும் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். மலையை வெட்டித் தோட்டமாக்கிய சனங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. "பாஸ்போட்டு வந்ததும் கெளம்பிருவேன். ஓங் கெணத்தடியில ஒரு குச்சு போட்டுக்குடு போதும்" என்று தாத்தா அக்காளிடம் சொன்னார்.

திரும்பும்போதுதான் ஒப்பாரிக் கோச்சியைப் பார்த்தேன். அந்தப் பேரை வைத்தது மலைநாட்டுச் சனங்களே. இந்தியாவுக்குப் போகிற குடும்பங்களை வழியனுப்ப லயம் மொத்தமும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தது. வண்டி நகர்ந்ததும் ஜன்னலில் கோத்த கைகளை விடாமல் மேடையில் ஓடினார்கள். ஒரு அம்மாள் கையில் கவ்வாத்துக் கத்தி ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். முப்பது வருஷம் தேயிலைச் செடி வெட்டிய தன் புருஷனுடைய கத்தி என்றும், அவர் அங்கேயே புதைந்து கிடக்கிறார் என்றும் சொன்னார். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். "இந்தியாவுக்கு" என்றார். ஊர்ப் பேர் அவருக்குத் தெரியவில்லை. மண்டபத்தில் இறங்கினால் சொல்வார்களாம். நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்கோ, நூற்பாலைக்கோ, கொடைக்கானல் மலைக்கோ எங்கே எழுதியிருக்கிறதோ அங்கே. மதுரைக்குத் திரும்புகிற எனக்கு வீடு இருந்தது. தாயகம் திரும்புகிறார் என்று காகிதத்தில் எழுதியிருந்த அவருக்கு அது இல்லை.

தாத்தாவுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டதாக 1982 கடைசியில் கடிதம் வந்தது. தோட்டத்துப் பணம் கைக்கு வரவேண்டும், வந்ததும் புறப்படுகிறேன் என்று எழுதியிருந்தார். அப்பத்தா கிணற்றடியில் குடிசைக்குக் கால் நட்டார். 1983 ஜூலையில் இனக் கலவரத்தில் கொழும்பு எரிந்தது. 1984இல் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமை வாங்கியும் கப்பலேற முடியாமல் ஆயிரக்கணக்கானவர்கள் அக்கரையிலேயே நின்றுபோனார்கள். அப்பத்தா 1986இல் போய்ச் சேர்ந்தார். தாத்தா அதற்கு மூன்று வருஷம் கழித்து, இந்தியப் பிரஜையாக, இலங்கை லயத்தில் இறந்தார். இப்படி நின்றுபோனவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இலங்கை ஒரு சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது 2003இல்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் நெஞ்சு ஆறவில்லை. 2007 ஆகஸ்டில் ராமேஸ்வரம் வரை மீட்டர் கேஜைப் பெயர்த்து அகலப் பாதை போட்டார்கள். பாம்பன் பாலத்தையும் அதற்கேற்பப் பலப்படுத்தினார்கள். போரில் பிய்ந்து கிடந்த தலைமன்னார் பாதையை இந்தியக் கடனில், இந்திய ரயில்வேயின் இர்கான் நிறுவனம் புதிதாகப் போட்டது. 2015 மார்ச் 14 அன்று இந்தியப் பிரதமரே தலைமன்னாரில் கொடியசைத்தார். இன்று இரண்டு கரையிலும் தண்டவாளம் ஒரே அகலம், ஐந்தரை அடி. பதினேழு வயதில் எதைத் தடை என்று நினைத்து வருந்தினேனோ, அது தீர்ந்துவிட்டது. தடையே இல்லாத காலத்தில் வழியைக் காணோம். அகலம் பொருந்தாத நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் போனார்கள், வந்தார்கள்.

2018இல் ஹட்டனுக்கு மறுபடி போனேன், மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில். பறக்கிற நேரம் ஏறக்குறைய ஒரு மணிதான். மச்சானுக்குக் கொடுக்க அதே கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப் போயிருந்தேன். பாதுகாப்புச் சோதனையில் அதை வெளியே எடுத்து வைக்கச் சொன்னார்கள். அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னார், விதி அப்படி. இரண்டு நாட்டுச் சுங்கத்தையும் ஒரு கடலையும் மூன்று ரயிலையும் தாண்டிப் போன தண்ணீர், இந்தத் தடவை மதுரையைத் தாண்டவில்லை.

மச்சான் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார், அவருடைய தாத்தா நின்ற அதே இடத்தில். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தகரப் பெட்டியைத் திறந்து ஒரு பாஸ்போர்ட்டை எடுத்தார். சிங்கத் தலை போட்ட இந்தியப் பாஸ்போர்ட். போட்டோவில் தாத்தா அதே கம்பளிக் கோட்டில் இருந்தார். பக்கங்களைப் புரட்டினேன். முத்திரை விழ வேண்டிய இடமெல்லாம் வெள்ளையாகவே இருந்தது. ஓரங்களில் மட்டும் மலைநாட்டு ஈரத்தின் மஞ்சள் கறை.

"இத நீங்க கொண்டு போங்க மச்சான். அவரு போக ஆசப்பட்ட எடத்துல இருக்கட்டும்" என்றார்.

2025இல் அதைப் பையில் வைத்துக்கொண்டு மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயில் ஏறினேன். பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு வண்டி நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தார்கள். 72.5 மீட்டர் நீள இரும்புத் தூக்கு, மின்சாரத்தில் அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. பக்கத்தில் பழைய பாலம் வெறுமனே நின்றது. இப்படி ஒரு பாலத்தைக் கட்டத் தெரிந்த நாடு நாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டோம், அது நின்று நின்றுதான் ஓடினாலும் விட முடியும் என்று காட்டினோம். ராமேஸ்வரத்திலிருந்து அதைவிடக் குறைந்த தூரமுள்ள தலைமன்னாருக்கும் ஒரு கப்பல் வேண்டும். சுற்றுலாவுக்காகக் கேட்கவில்லை. அக்காளும் தம்பியும் விமானக் கட்டணம் சேர்க்கக் காத்திராமல் பார்த்துக்கொள்வதற்காகக் கேட்கிறேன்.

ராமேஸ்வரத்தில் மேடை முடிகிற இடத்துக்கு நடந்து போனேன். தண்டவாளம் தடுப்புக்கட்டையில் முட்டி நின்றது. குனிந்து அளக்க முதுகு இடம் கொடுக்கவில்லை, கண்ணாலேயே முழம் போட்டேன். மூன்று முழம், ஒரு சாண், நாலு விரல்.

பிறகு அரிச்சல்முனைக்குப் பஸ். ஒரு காலத்தில் அப்பத்தா இறங்கிய துறை இருந்த கரை. இரண்டு கடலும் சேருகிற மணலில் நிற்கும்போது பையில் இருந்த கைபேசி அதிர்ந்தது. அக்கரைக் கோபுரத்தின் அலை பிடித்து ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது: இலங்கைக்கு வரவேற்கிறோம். அதே பைக்குள் தாத்தாவின் பாஸ்போர்ட் இருந்தது. கைபேசியை அணைத்தேன். பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்து, உப்புக்காற்று படாமல் எங்கள் தறித் துண்டில் சுற்றி வைத்தேன்.